தலைக்கு எத்தனை குடம்?

காலை ஏழரை மணி. தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தண்ணீர் டேங்கர்காரரோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வண்டி வர வேண்டிய நாளில் ஒன்றுதான் வந்திருந்தது. "அங்கிள்ஜி, பப்ளிக் பட் கயீ ஹை, பானி தோ உத்னா ஹீ ஹை" என்றார் அவர். ஜனங்கள் பெருகிவிட்டார்கள், தண்ணீர் மட்டும் அதே அளவுதான் என்று அர்த்தம். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் நானே எழுதிக் குவித்த வாக்கியம் அது. எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சல் பொங்கிய நேரத்தில் கைப்பேசி அடித்தது.

"அங்கிள், நான் கோமதி. அம்மா போயிட்டாங்க. சுபஹ் பாஞ்ச் பஜே, விடியக்காலைல. தூக்கத்துலயே. ஈவ்னிங் எடுக்கறோம்... நீங்க ஜல்தி வாங்க அங்கிள்."

டேங்கர்காரரை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்தேன். "என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. "இசக்கி மேடம்" என்று மட்டும் சொன்னேன், அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. பெரிய அசதிதான் வந்தது, காய்ச்சல் விட்ட மறுநாள் வருவதுபோல. அவர் வீடு இருக்கும் ஜனக்புரிக்குக் கிளம்பச் சட்டையை எடுத்தவன், அதைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திருமதி இசக்கியம்மாள் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தில்லியில் நகரத்தின் கழிவுநீரையும் கால்வாய்களையும் ஆய்வு செய்கிற ஓர் அலுவலகத்தில் அவரும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். எதிரெதிர் மேஜை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலும் அடுத்தடுத்த பிளாக். நான் தஞ்சாவூர்க்காரன். என் பேச்சை அவர் கிண்டல் செய்வார், அவர் பேச்சை நான்.

அலுவலகத்தில் இந்திக்காரர்களுக்கு அவர் பெயர் வாயில் நுழையவே இல்லை. 'இஷ்க் மேடம்' என்று ஆக்கிவிட்டார்கள். இஷ்க் என்றால் அவர்கள் பாஷையில் காதல். கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் ஒரு சிரிப்பு. "எங்க ஊர்ல இசக்கின்னா உக்கிரமான சாமி, நடுங்குவாங்க சார். இங்க என்னடான்னா சிரிக்கானுவ" என்பார். திருத்தவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். தன் வேலையைத் திருத்துவதற்கே பொழுது போதாது என்பது அவர் கட்சி.

எங்கள் பிரிவிலிருந்து போகிற அறிக்கை எதுவாக இருந்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கும். 'மக்கள்தொகைப் பெருக்கமே இந்நிலைக்கு முதற்காரணம்.' ஆற்றில் நுரை மிதந்தாலும் அதுதான், கிணறு வற்றினாலும் அதுதான், குப்பைமேடு சரிந்தாலும் அதுதான். மேலதிகாரிகளுக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடிக்கும். அதில் யார் பெயரும் கிடையாது அல்லவா? இசக்கியம்மாள் அதைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

"ஆளு பெருகிட்டுன்னு எழுதுதீங்க, சரி. அது பொய்யுன்னு நான் சொல்லல. எந்த ஆளு, எவ்வளவு கெடுக்கான்னும் எழுதணும்லா?"

"நாமும் வந்தேறிகள்தானே மேடம், நம்மையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்" என்று நான் சமாளிப்பேன்.

"நம்மள எங்க சார் சேர்த்தீங்க? நம்ம குவார்ட்டர்ஸ் பேரு ஒரு அறிக்கையிலயாவது இருக்கா?" என்பார். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஆர்.கே.புரத்துத் தமிழ் அமைப்பு ஒன்று குழந்தைகளுக்குப் பேச்சுப்போட்டி வைத்தது. 'மக்கள்தொகைப் பெருக்கமும் சுற்றுச்சூழலும்' என்று தலைப்பு. இசக்கியம்மாள் நடுவர். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி தமிழை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தாள். ஏழைகள் அதிகமாகப் பிள்ளை பெறுவதால் மரங்கள் அழிகின்றன என்று அவள் கையை நீட்டி முழங்கியதும் கூட்டம் கைதட்டியது. நடுவர் மைக்கை வாங்கினார்.

"நல்லாப் பேசுன கண்ணு. உங்க வீட்ல எத்தன பேரு?"

"மூணு பேர் ஆன்ட்டி."

"காரு?"

"தோ" என்றாள் குழந்தை, இரண்டு விரலைக் காட்டி. பிறகு கொஞ்சம் யோசித்து, "மாமாவோட காரும் எங்க வீட்லதான் நிக்கும்" என்றாள். அரங்கம் சிரித்தது. அவளுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னதற்காக இசக்கியம்மாள் அவளுக்கே முதல் பரிசு கொடுத்தார். அடுத்த வருஷத்திலிருந்து நடுவராக அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போட இனி வழியில்லை.

இருபது வருஷம் இருக்கும். பணக்காரக் குடியிருப்பு ஒன்றின் பின்னால் பெரிய நாலா ஓடியது. நாலா என்றால் சாக்கடையாகிப்போன ஓடை. அதன் கரையில் ஜுக்கிகள், அதாவது தகரமும் தார்ப்பாயுமான குடிசைகள். முக்கால்வாசிப் பேர் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துத் தமிழர்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் பெண்கள் எதிர்க் குடியிருப்பில் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். நாலா கறுத்து நாறுகிறது என்று குடியிருப்புக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். யாரால் எவ்வளவு அழுக்கு சேருகிறது என்று ஆராயும்படி எங்களை அனுப்பினார்கள்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கரையோரமாக நடந்து எங்கெங்கே குழாய் வந்து விழுகிறது என்று குறிப்பது ஒன்று. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது மற்றது. நாற்றத்துக்குப் பயந்து நான் வீடுகளை எடுத்துக்கொண்டேன். மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டை கட்டி, நாலாவை எடுத்துக்கொண்டார்.

படிவம் இந்தியில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு நபருக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. அதைத் தமிழில் ஆக்கச் சொல்லி அதிகாரி என்னிடம் கொடுத்தார். எனக்குத் தமிழில் கொஞ்சம் கர்வம் உண்டு. நபர், ஆள் என்றெல்லாம் எழுதாமல், சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கட்டும் என்று எழுதினேன்: 'தலைக்கு எத்தனை குடம்?'

பகலில் ஆண்கள் இல்லை. பெண்கள்தான் பதில் சொன்னார்கள். "தலைக்கு எத்தனை குடம்மா ஆகுது?" என்று கேட்டுக்கொண்டே போனேன். மல்லிகா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தலைக்கா சார்? எனக்கு ரெண்டு கொடம் போதும். இவளுக்கு மூணு வோணும், முடி ஜாஸ்தி. சீக்கிரம் கேளுங்க சார், கோட்டிக்குப் போவணும்."

கோட்டி என்றால் அவர்கள் வேலை பார்க்கும் பெரிய வீடு. திருநெல்வேலியில் கோட்டி என்றால் பைத்தியம். அப்போது நாலாவிலிருந்து கரையேறி வந்த இசக்கியம்மாள் அந்தச் சொல்லைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தச் சிரிப்பில் கலந்துகொண்ட நான், மல்லிகா 'முடி' என்று சொன்னதை யோசிக்கவே இல்லை. இரண்டு, மூன்று, மூன்று, நான்கு என்று எழுதிக்கொண்டே போனேன். தண்ணீர் இல்லை என்று புலம்புகிறவர்கள் இவ்வளவு கொட்டுகிறார்களே என்று மனத்துக்குள் திட்டவும் செய்தேன்.

அலுவலகத்தில் அந்த எண்ணைத் தலைகளின் எண்ணிக்கையால் பெருக்கினோம். அதில் பெரும்பங்கு நாலாவில் விழுவதாக வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். எதிர்க் குடியிருப்புக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இருப்பதாகக் காகிதம் சொன்னதால் அவர்கள் பங்கு பூஜ்யம். மேடம் அங்கிருந்து வந்து விழும் இரண்டு தடித்த குழாய்களைக் கண்டு குறித்து வந்திருந்தார். சலவை எந்திர நுரை அவற்றில் கொட்டுவதையும் எழுதியிருந்தார். "காலையில அந்த வீட்டுல பாத்திரம் தேய்ச்சு ஊத்துறதும் மல்லிகா கைதான் சார். அங்கன ஊத்துனா ஒண்ணுமில்ல, இங்கன ஊத்துனா மாசா?" என்று கேட்டார். என் குடங்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அவருடைய குழாய்கள் எடுபடவில்லை. ஜுக்கி ஜனங்களின் பெருக்கமே முதற்காரணம் என்று அறிக்கை மேலே போயிற்று. அந்தக் குடிசைகள் அகற்றப்பட வேண்டிய பட்டியலில் ஏறின.

சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலில் மல்லிகாவை மேடம் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார்.

"சார், நீங்க அவுககிட்ட என்ன கேட்டீங்க? கேட்ட மாதிரியே சொல்லுங்க."

"தலைக்கு எத்தனை குடம் என்று."

"என்ன சார் நீங்க! தலைக்கு ஊத்திக்க எத்தன குடம்னு கேக்கீங்கன்னுல்லா அவுக நெனச்சிருக்காக. வாரத்துல ஒரு நாளு தலைக்குக் குளிக்கிற தண்ணியச் சொல்லியிருக்காக. 'உங்க சாரு என்னா எங்க முடியப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்தாரு'ன்னு மல்லிகா கேக்கா. நான் எங்க போயி முட்டிக்கிட?"

முதலில் இருவருமே சிரித்தோம். அதை மறைக்கப்போவதில்லை. பிறகு அவர் முகம் மாறியது. குடிக்க, சமைக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம்கூடக் கிடைப்பதில்லை என்று மல்லிகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். அன்றைக்கே ஒரு திருத்தக் கடிதம் தயார் செய்தார். கேள்வி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, மறு ஆய்வு வேண்டும், அதுவரை அறிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மூன்றே வாக்கியம். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். படிவத்தை நிரப்பியவன் என்ற முறையில் ஒன்று என்னுடையது.

"நாளைக்குப் போடுகிறேன் மேடம்" என்றேன்.

பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் வெளிவர இருந்தது. எனக்குத் தமிழ் தெரியாது என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா என்று ஒரு பக்கம் ரோஷம். மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டேன். அதற்கடுத்த வாரம் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் கடிதம் என் மேஜையிலேயே காத்திருந்தது.

"எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள் மேடம். ஜனங்கள் அதிகம் என்பது உண்மைதானே. நம் கடிதத்தால் நிற்கப்போகிறதா?" என்று கேட்டேன்.

"எப்படியும் எடுப்பாகன்னா, எடுக்கதுக்கு நம்ம கையெழுத்து மட்டும் எதுக்கு சார் வேண்டியிருந்திச்சு?" என்றார். குரலை உயர்த்தவில்லை. கடிதத்தை எடுத்து, தன் கையெழுத்தை மட்டும் போட்டு, தானே மேலிடத்துக்குக் கொண்டுபோனார். படிவம் நிரப்பியவரின் கையெழுத்து இல்லை என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுவே கடைசி.

பனி கொட்டிய ஒரு காலை நேரத்தில் எந்திரம் வந்து ஜுக்கிகளைத் தள்ளிவிட்டது. மேடம் அங்கே போய் நின்றார். நான் போகவில்லை. அவர்களுக்கு நகரத்தின் விளிம்பில், உப்புத் தண்ணீர் வருகிற ஒரு பொட்டலில் இடம் கொடுத்தார்கள். பெண்கள் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, அதே குடியிருப்பின் அதே வீடுகளுக்கு வேலைக்கு வந்தார்கள். இப்போது புகை விடும் பஸ்ஸிலும் ஏறி இறங்கினார்கள், அதுதான் வித்தியாசம். ஜுக்கிகள் இருந்த இடத்தில் புல் வளர்த்து, இயற்கையைக் காப்போம் என்று பலகை வைத்தார்கள். நாலா மட்டும் வெளுக்கவே இல்லை. இன்றைக்கும் அதே கறுப்புத்தான். நாற்றமும் அதேதான்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. மேடத்தைக் கடிதங்களுக்கு எண் போடுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்புவார், என் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினார், என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வாரம் சாப்பாடு கொண்டுவந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கோ பஸ் ஏறிப் போகிறார் என்று அவர் மகள் கோமதி சொல்லி எனக்குத் தெரியும். எங்கே என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்தது.

நான் துவாரகாவில் வீடு வாங்கினேன். இங்கே இத்தனை ஆயிரம் வீடுகள், வீட்டுக்கு வீடு வடிகட்டி எந்திரம். நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. குடியிருப்புக் கூட்டங்களில் யாராவது எழுந்து, வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்துவிட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பேசுவார்கள். பேசுகிறவரும் வெளியூர்க்காரர்தான். நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் பாட்டை எழுதியவனே நான்தானே, பாடுகிறவரை என்னவென்று குறை சொல்வது?

ஜனக்புரி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். இசக்கியம்மாளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய குங்குமம். மெலிந்திருந்தார். பழைய அலுவலகத்துக்காரர்கள் நாலைந்து பேர் வந்து, இஷ்க் மேடம் மாதிரி வருமா என்று பேசிவிட்டுப் போனார்கள். படிக்கட்டுக்குக் கீழே ஒன்பது பத்துப் பெண்கள் தனியாக நின்றிருந்தார்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் மல்லிகா. தலை முழுக்க நரைத்திருந்தாலும் எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. எப்படியோ அவர் முன்னால் போய் நின்றேன். பெயரைச் சொன்னேன். குடம் கேட்ட சார் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அச்சா, நீங்களா சார். நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"மல்லிகாம்மா, உங்கள் வீடு போனதற்கு அந்தக் கேள்விதான் காரணம். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். மேடம்தான் சொல்லிட்டாங்களே. அங்க போன புதுசுலயே வந்தாங்க. 'அந்தக் கேள்விய நான்தான் தப்பா எழுதிக் குடுத்தேன், என்னாலதான் உங்க வீடு போச்சு'ன்னு எங்க எல்லாரு முன்னாடியும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. எங்களுக்கு ஆத்திரம் சார். ஒரு வருஷம் யாரும் அவங்ககூட முகங்குடுத்துப் பேசல. குடிக்க ஒரு சொம்புத் தண்ணி குடுக்கல. வெயில்ல வந்து நிப்பாங்க. டேங்கர் வர்ற வரைக்கும் நின்னு, எங்களுக்கு மனு எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. அப்புறம்தான் மனசு எறங்கிச்சு."

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார், அவர் சுபாவம் அதல்ல. மன்னிப்புக் கேட்க யாராவது ஒருவர் போயாக வேண்டியிருந்தது, நான் போகவில்லை, அவர் போனார். அவ்வளவுதான் இருக்கும்.

"மேடம் எழுதவில்லை" என்றேன். "அந்தக் கேள்வியை எழுதியது நான். தப்பு தெரிந்த பிறகு நிறுத்தச் சொல்லி மேடம் கடிதம் எழுதினார்கள். அதில் கையெழுத்துப் போடாமல் இருந்ததும் நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மல்லிகா என்னை விட்டுவிட்டு மற்றப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"அடியே," என்றார், "எழுதுனது மேடம் இல்லையாம்டி."

அதுவரை அழாமல் நின்றவர்கள் அப்போதுதான் ஓவென்று அழுதார்கள். பஸ்ஸை மறந்து, ஒருவர் பின் ஒருவராக மறுபடியும் படியேறி மேலே போனார்கள்.

நான் கீழேயே நின்றேன். மேடம், உங்கள் மேல் இருந்த பழியை இன்றைக்குத்தான் என் பேருக்கு மாற்றியிருக்கிறேன். ரொம்பத் தாமதம்தான். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வெயிலில் நிற்க வேண்டாம், போய் வாருங்கள்.